பெட்டிக்குள்ள கிடக்குற அந்த ஸ்வெட்டரை முதல்ல வெளிய எடுங்க

மூணாறு தேயிலைத் தோட்டத் தொழிலாளிங்க இருக்குற லயத்து வீடுகள்ல கட்டிலுக்கடியில ஒரு பெட்டி இருக்கும். அதுக்குள்ள கையால பின்னுன ஸ்வெட்டர் ஒண்ணு மடிப்புக் கலையாம கிடக்கும். கேட்டா, "அளவு சரியா வரல, அதான் எடுத்து வச்சாச்சு"ன்னு பதில் வரும். அரைக்கிலோ நூலு, மாசக்கணக்குல ராத்திரி உழைப்பு, எல்லாத்தையும் பூட்டி வச்சிட்டு, ஜனவரியில செண்டுவாரை எஸ்டேட் பக்கம் புல்லு மேல உறைபனி வெள்ளையடிக்கிற நேரத்துல பிள்ளைங்க மெல்லிசு ஜெர்கினோட ஜீப்புக்கு நின்னு நடுங்குதுக. இதைப் பார்த்தா வயிறு எரியாம என்ன செய்யும்?

பெட்டியில இருந்தா பத்திரம்னு நினைக்கிறதும் தப்பு. ஜூன்ல இடவப்பாதி மழை பிடிச்சிட்டா இங்க எதுவும் சரியா காயாது. அழுக்கோட, ஈரப்பதத்தோட மடிச்சு வச்சது பூசணம் பிடிக்கும். அசல் கம்பளின்னா அந்துப்பூச்சிப் புழுவும் அரிக்கும். ஒரு இடத்துல இழை அறுந்தா போதும், அப்புறம் அதைப் பிரிச்சு நூலாக்குறதுகூட முழுசா நடக்காது.

அதைவிடக் கொடுமை, "வெந்நீர்ல போடு, சுருங்கிரும்"னு சொல்ற யோசனை. யாருங்க இதை இன்னும் பரப்பிக்கிட்டு இருக்கிறது? நூல் என்னன்னே பார்க்காம சொல்ற பேச்சு இது. கடைசியில மிஞ்சுன துண்டு நூலை ஒரு தட்டுல வச்சு கொளுத்திப் பாருங்க. முடி கருகுற வாடை வந்து, சாம்பல் விரல்ல நசுங்குனா கம்பளி. உருகிக் கெட்டியான மணி மாதிரி நின்னா அக்ரிலிக்ங்குற செயற்கை நூல். அக்ரிலிக் வெந்நீர்ல சுருங்காது, தொளதொளத்துப் போகும். அது மேல சூடான இஸ்திரிப் பெட்டியை வச்சா இழை செத்துரும், ஓரத்துல எலாஸ்டிக் மாதிரி இருந்த வரிவரிப் பின்னல், அதான் ரிப், திரும்பவே திரும்பாது. கம்பளி வெந்நீர்ல சுருங்கும், ஆனா நம்ம கேட்ட அளவுக்கு வந்து நிக்காது. இழையும் இழையும் பின்னிப் பிணைஞ்சு அட்டை மாதிரி ஆயிரும். அதுக்கப்புறம் பிரிக்கவும் முடியாது, போடவும் முடியாது. ரெண்டு நூலுக்குமே வெந்நீர் எமன்தான்.

அளவு ஏன் தப்புச்சுன்னாவது யாராவது யோசிக்கிறீங்களா? போடியிலயோ தேனியிலயோ பஜார்ல வாங்குற ஊசி பெரும்பாலும் பழைய இங்கிலீஷ் நம்பர். அதுல 8-ஆம் நம்பர் 4 மில்லிமீட்டர், 10-ஆம் நம்பர் 3.25 மில்லிமீட்டர், நம்பர் கூடக்கூட ஊசி மெலியும். அமெரிக்கப் பேட்டர்ன்ல, அதாவது பின்னல் குறிப்புல, நேர் தலைகீழ்: அங்க 8 நம்பர் 5 மில்லிமீட்டர், 10 நம்பர் 6 மில்லிமீட்டர். மொபைல்ல பார்த்த பேட்டர்ன்ல "8"னு இருக்குன்னு பஜார் 8-ஐ எடுத்துப் பின்னுனா, தம்பிக்குப் பின்னுனது பாப்பாவுக்குக்கூட இறுக்கமாத்தான் வரும். நம்பரை விடுங்க, மில்லிமீட்டரைப் பாருங்க. "4 பிளை"ன்னு லேபிள்ல இருக்கிறதும் எத்தனை இழை முறுக்கியிருக்குன்னுதான் சொல்லும், நூலோட பருமனைச் சொல்லாது.

அப்புறம் சாம்பிள் துண்டு. 6 இஞ்ச் சதுரம் பின்னி, துவைச்சு, காயவச்சு, நடுவுல 4 இஞ்ச் அகலத்துக்கு எத்தனை கண்ணின்னு, அதாவது ஊசியில பின்னுன எத்தனை வளையம்னு, எண்ணணும். இதைச் செய்யச் சொன்னா "நூல் வீணாகும்"னு சொல்றவங்ககிட்டதான் கணக்கு காட்டணும். 36 இஞ்ச் மார்புக்கு 4 இஞ்ச் தளர்வு விட்டு 40 இஞ்ச் வேணும், 4 இஞ்ச்சுக்கு 22 கண்ணின்னா சுத்தி 220 கண்ணி. உங்க கை கொஞ்சம் தளர்ந்து 20 கண்ணி வந்தா அதே 220 கண்ணி 44 இஞ்ச் ஆயிரும். கை இறுகி 24 வந்தா 37-க்கும் கொஞ்சம் கம்மி. ரெண்டே ரெண்டு கண்ணி வித்தியாசத்துல ஒரு ஸ்வெட்டரே போயிருச்சு. இப்ப எது வீண்?

சரி, தப்பிப்போச்சு. தரையில விரிச்சு, இழுக்காம, மார்பு, நீளம், தோள், கையளவு எடுங்க. அந்த ஆளுக்குச் சரியா இருக்குற பழைய ஸ்வெட்டரை அளந்து பக்கத்துல எழுதுங்க. வித்தியாசம்தான் முடிவைச் சொல்லணும், மனசு இல்ல. மார்பு 2 இஞ்ச் வரைக்கும் தொளதொளப்புன்னா பக்கத் தையலைப் பிரிச்சு, முன்பக்கம் 3 கண்ணி, பின்பக்கம் 3 கண்ணி உள்ள தள்ளித் தைச்சா ஒவ்வொரு பக்கமும் ஒரு இஞ்ச் குறையும். தோள் தையல் தோள் எலும்பைத் தாண்டித் தொங்குனா பக்கத் தையல் எதுக்கும் உதவாது, அக்குள் வரைக்கும் பிரிச்சுத்தான் ஆகணும். இறுக்கம்னா ரெண்டு பக்கமும் தையலைத் திறந்து, 2 இஞ்ச் அகலத்துக்கு பட்டை பின்னி நடுவுல வச்சுத் தைங்க. மொத்தம் 4 இஞ்ச் கூடிரும். நூலோட லாட் நம்பர் (ஒண்ணாச் சாயம் போட்ட தொகுதியோட நம்பர்) மாறுனா வேற நிறத்துலயே பட்டையைப் பின்னுங்க, கிட்டத்தட்ட ஒத்துப்போற நிறம்தான் கண்ணை உறுத்தும்.

பிள்ளை வளர்ந்து கை குட்டையாப் போச்சா? கைத் தையலை மணிக்கட்டுப் பக்கம் திறந்து, ரிப்புக்கு மேல ஒரு வரிசையில ஒரே ஒரு கண்ணியை வெட்டி, அந்த வரிசை நூலை மெல்ல உருவுங்க. கீழ்த்துண்டு கழண்டுரும், மேல நிக்குற கண்ணிகளை ஒண்ணொண்ணா ஊசியில ஏத்தி, வேணும்ங்குற நீளத்துக்குக் கீழ்நோக்கிப் பின்னி மறுபடி ரிப் போடுங்க. அரைக் கண்ணி தள்ளி நிக்கும், பிளெயின் பின்னல்ல தெரியாது, ரிப்லயும், கயிறு முறுக்குன மாதிரி வர்ற கேபிள் பின்னல்லயும் தெரியும். அதனாலதான் ரிப்புக்கு மேல வெட்டச் சொல்றது. தலை நுழையலன்னா பெரும்பாலும் கழுத்தை முடிச்ச வரிசைதான் இறுக்கம். அதை மட்டும் பிரிச்சு, ரெண்டு சைஸ் தடிச்ச ஊசியால முடிங்க.

இதெல்லாம் நடக்காதுன்னா முழுசாப் பிரிங்க. பிரிக்கிறதை என்னமோ சாவு வீடு மாதிரி ஏன் பார்க்குறீங்க? கத்தரிக்கோலைத் தூக்கிப் போட்டுட்டு, பகல் வெளிச்சத்துல முதல்ல தையல் நூலை மட்டும் எடுங்க. அப்புறம் முடிச்ச ஓரத்துல இருந்து உருவுங்க, ஆரம்ப ஓரத்துல இருந்து இழுத்தா சிக்கும். உருவுன நூலை நாற்காலி முதுகுல சுத்தி, நாலு இடத்துல தளர்வாக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணியில அரைமணி நேரம் ஊறவச்சு, துண்டுல ஒத்தி, கொடியில தொங்கவிடுங்க. கீழ கல்லைக் கட்டாதீங்க, நூல் நீண்டு செத்துரும். அக்ரிலிக் சுருள் தண்ணியில முழுசாப் போகாது, கெட்டில் ஆவியில ஒரு சாண் தள்ளிக் காட்டுனா போதும். இந்த வேலையைச் செய்யாம சுருட்டையாவே பின்னுனா கண்ணி மேடுபள்ளமா வரும், முதல் துவைப்புல மறுபடி அளவு மாறும், மறுபடி பெட்டிக்குத்தான் போகும். மே மாசத்துக்குள்ள செய்யுங்க, ஜூன்ல தொங்கவிட்ட நூல் வாடை பிடிச்சிரும்.

"யாருக்காவது குடுத்துருங்க"ன்னு சொல்றதுலயும் எனக்குக் கோபம்தான். உங்களுக்குப் பொருந்தாதது இன்னொருத்தருக்குப் பொருந்தும்னு அளக்காம எப்படித் தெரியும்? அளந்து பார்த்து, பொருந்துற ஆளுக்குக் குடுங்க. குடுக்கும்போது அது அக்ரிலிக்கா கம்பளியான்னு வாயைத் திறந்து சொல்லுங்க. சொல்லாமக் குடுத்தா, அந்த அக்கா நல்லா வெளுக்கட்டும்னு அண்டா வெந்நீர்லதான் முக்கப் போறாங்க.