இருட்டா, பாசியா?
உடலுக்குள் பாசியை வைத்து வாழும் சிறிய நன்னீர் விலங்கான பச்சை ஐதராவை இருட்டில் வைத்துப் பாசியை இழக்கச் செய்தால் அதன் பற்றீரியாக் கூட்டம் மாறுகிறது, ஆகவே காரணம் பாசிதான் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, இருட்டின் பங்கை எப்படிக் கழிப்பது? இயல்பாகவே பாசி இல்லாத பழுப்பு ஐதராவையும் அதே இருட்டில் வைத்து ஒப்பிட்டால்தான் நம்புவேன். பச்சை ஐதராவின் கலத்துக்குள் வாழும் குளோரெல்லா என்ற அந்தப் பாசி, வெளிச்சத்தில் தயாரிக்கும் மோல்டோஸ் சீனியை விலங்குக்குக் கொடுக்கிறது. அது நின்றால் விலங்கின் உடல்நிலை மாறும், உடலைப் போர்த்திய சளிப்படலத்துப் பற்றீரியாக்களையும் அது பாதிக்கலாம். அப்புறம், ஐதராவோடு ஏன் நிற்க வேண்டும்? வவுனிக்குளத்தில் தண்ணீர் வற்றும்போது துருசுப் (மதகு) பக்கக் கற்களில் நன்னீர்ப் பஞ்சுயிரியைப் பார்த்திருக்கிறேன்: வெயில் படும் பக்கம் பாசியால் பச்சை, அடிப்பக்கம் வெளிறல். ஒரே உடல், ஒரே தண்ணீர். வவுனியாப் பல்கலைக்கழக மாணவர்கள் யாராவது இரண்டு பக்கத்துப் பற்றீரியாக்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.