எங்க பேச்ச குத்தம் சொல்லாதீங்க சார், மொழிபெயர்க்க ஆள் தேடுங்க

ஞாயித்துக்கிழமை கூட்டத்துல ஒரு சார் எங்க பேச்சுவழக்க பத்தி என்ன சொன்னாருன்னு உங்கள்ல பாதி பேருக்கு தெரியும், வீடியோவும் எல்லா குரூப்புலயும் சுத்தியாச்சு. மூணு நாளா வாய மூடிட்டு இருந்தேன். இன்னைக்கு காலைல ஒருத்தர் அதே பேச்ச "சரியான கருத்து"ன்னு ஷேர் பண்ணியிருந்தத பாத்ததும் முடியல.

அவர் சொன்னது இதுதான்: "வட்டார வழக்குல எழுதிட்டு இருந்தா தமிழ் நாவல் புக்கர் பட்டியல் பக்கமே போகாது, அதுலயும் இந்த களியக்காவிளை பக்கத்து பேச்சு தமிழும் இல்ல மலையாளமும் இல்ல." களியக்காவிளைன்னா கன்னியாகுமரி மாவட்டத்துல கேரள எல்லையோரம், எங்க ஊர்ப் பக்கம். அந்த பேச்சுக்கு கைதட்டு. எங்க ஊர்க்காரங்களும் தட்டினாங்க, அதுதான் எனக்கு இன்னும் ஆறல.

சார், போயாச்சு. இங்கிலீஷ்ல மொழிபெயர்த்த புத்தகங்களுக்கு குடுக்குற இன்டர்நேஷனல் புக்கரோட 2023 நெடும்பட்டியல்ல, அதாவது முதல் பட்டியல்ல, இருந்த 13 புத்தகத்துல ஒண்ணு பெருமாள்முருகனோட பூக்குழி. அதே வருஷம் இந்திய நாவல்களுக்கான ஜேசிபி பரிசும் அவரோட ஆளண்டாப்பட்சிக்குத்தான். கொங்கு மண்ணு, கொங்கு பேச்சு, யாருக்காகவும் எதையும் மாத்தி எழுதல. பூக்குழி தமிழ்ல வந்தது 2013ல. பட்டியலுக்கு போக பத்து வருஷம். அந்த பத்து வருஷத்துல அதோட தமிழ் மாறல, ஒரு எழுத்துகூட மாறல. அனிருத்தன் வாசுதேவன் இங்கிலீஷ்ல கொண்டு வந்தாரு, அது பிரிட்டன்ல புத்தகமா வந்துது, அதனால பட்டியலுக்கு போச்சு. இன்டர்நேஷனல் புக்கருக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு பிரிட்டன்லயோ அயர்லாந்துலயோ அச்சாகி வரணும், பரிசுப் பணம் 50,000 பவுண்டுல எழுதினவருக்கு பாதி, மொழிபெயர்த்தவருக்கு பாதி. நடுவருங்க கையில இருக்குறது இங்கிலீஷ் புத்தகம். இதுல எங்க பேச்சு எங்க வந்து தடையா நின்னுச்சு? தடை பேச்சு இல்ல, மொழிபெயர்க்க ஆள் இல்லாதது.

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னு கேட்டா, ஏழாங்கிளாஸ்ல மழையப் பத்தி ஒரு கட்டுரை. "அம்மைக்கு குடை எடுக்க ஓர்மை இல்லாம போச்சு"ன்னு எழுதினேன். தமிழ் டீச்சர் ரெண்டு வார்த்தைய சிவப்பு பேனாவால சுழிச்சாங்க, அழுத்தின அழுத்துல அடுத்த பக்கம் வரைக்கும் தடம். ஓர்மைன்னா ஞாபகம், அது மலையாளமாம். அம்மைன்னா உடம்புல போடுற நோவாம். கிளாஸே சிரிச்சுது. எங்க அம்மை அப்போ அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரிக் கொட்டை ஆலைல, வேலை, அண்டி உடைச்சு உடைச்சு விரல் நுனி கறுத்துப் போயிருக்கும், சாம்பல் போட்டு தேச்சாலும் போகாது. அந்த கையால என் நோட்ட வாங்கி அந்த சுழிய தடவிப் பாத்துட்டு, "நான் பேசுறது தப்பா மக்களே"ன்னு கேட்டா. எனக்கு பதில் தெரியல.

இப்போ தெரியும். காரைக்கால் அம்மையார் பேர்ல இருக்குறது அந்த அம்மைதான். 541ஆவது குறள் "ஓர்ந்து"ன்னுதான் ஆரம்பிக்குது, ஓர்ந்துன்னா யோசிச்சு, ஓர்மையும் அந்த வார்த்தையோட சொந்தம்தான். நாங்க வச்சு பேசிட்டு இருக்குறது நீங்க தொலைச்ச தமிழ் சார்.

சென்னைல இருக்குறவனுக்கு முதல் இருவது பக்கம் கஷ்டமா இருக்கும்னு சொல்றீங்க, சரி, அது உண்மைதான், நான் மறுக்கல. தேங்காப்பட்டணத்து தோப்பில் முகமது மீரான படிக்கிறப்பவும் அந்த கஷ்டம் இருந்திருக்கும், ஆனா 1997ல சாகித்ய அகாடமி குடுத்தாங்களே? பரிசு என்ன பெரிய பரிசுன்னு சிலர் வருவீங்க. உங்களுக்கு வேணாம்னா விட்டுருங்க. இன்னும் சிலர் "மலையாளத்த தூக்கிப் பிடிக்கிறா"ன்னு சொல்லுவீங்க, ஏற்கெனவே சொல்லியாச்சு. ஆமா, தூக்கிப் பிடிக்கிறேன். ஜேசிபி பரிசு ஆரம்பிச்ச 2018லயே மலையாளம், 2020, 2021லயும் மலையாளம். 2020ல ஜெயிச்ச எஸ். ஹரீஷோட மீச கேரளத்து குட்டநாட்டு சேத்துலயும் வயல்லயும் நடக்குற நாவல், அந்த மண்ணோட பேச்சு. அத ஜெயஸ்ரீ களத்தில் இங்கிலீஷ்ல எழுதினாங்க. திருவனந்தபுரத்துல யாரும் ஹரீஷ்கிட்ட பேச்ச மாத்துன்னு சொல்லி கைதட்டி நான் கேக்கல. 2025ல இன்டர்நேஷனல் புக்கர் வாங்கின பானு முஷ்தாக்கோட கதைகள்ல கன்னடத்தோட உருதும் அரபியும் கலந்து கெடக்கு, தீபா பஸ்தி அந்த வார்த்தைகள சாய்வெழுத்துல போடல, அடிக்குறிப்பும் குடுக்கல. அப்படியே விட்டாங்க. அப்படியேதான் ஜெயிச்சுது.

எல்லைக்கு அந்தப் பக்கம் போனா தமிழன்னு இளக்காரமா பாண்டின்னு சொல்றான், இந்தப் பக்கம் வந்தா மலையாளத்தான்னு சொல்றீங்க. 1956லேர்ந்து தமிழ்நாட்டுலதான் இருக்கோம், இன்னும் நாங்க பேசுறது தமிழ்னு நாங்களே சாட்சி சொல்லிட்டு நிக்கணுமா?

பேசின சாரோட நம்பர் கேட்டு இன்பாக்ஸ்ல வராதீங்க, தர மாட்டேன். அவர் வயசுக்கு ஒரு மரியாதை இருக்கு. உங்கள்ல இங்கிலீஷ் நல்லா எழுதுறவங்க யாராச்சும் இருந்தா அவங்க வாங்க. எங்க ஊர் அண்ணன் ஒருத்தர் சொந்தக் காசுல போட்ட நாவல் ஒண்ணு இருக்கு, முழுக்க எங்க பேச்சு. ராத்திரி வேலையெல்லாம் முடிச்சுட்டு நானே இங்கிலீஷ்ல எழுதிப் பாத்துட்டு இருக்கேன், நாப்பது பக்கம் ஆயிருக்கு. நாப்பத்தியொண்ணாவது பக்கத்துல அந்த கெழவி "எனக்கு ஓர்மை உண்டும் பிள்ளே"ன்னு சொல்றா. மெமரின்னு எழுதினேன், அடிச்சேன். ரிமெம்பர்னு எழுதினேன், அதுல அவ குரலே இல்ல. அந்த இடத்த காலியா விட்டு வச்சிருக்கேன். யாருக்காச்சும் ஏதாச்சும் தோணினா கமென்ட்ல சொல்லுங்க.