காட்டுக்கு வந்துமா ஸ்பீக்கர்?

வருடத்தில் ஒரு நாள்தான் அந்தக் காட்டுக் காப்பகத்தைக் குடும்பங்களுக்காகத் திறந்துவிடுகிறார்கள், அதற்காகப் பிள்ளைகள் ஒரு வாரமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். போய் இறங்கினால் எங்களுக்கு முன்னால் நடந்த கூட்டத்தில் ஒருவர் தோளில் ப்ளூடூத் ஸ்பீக்கர் அலறுகிறது. எரிச்சலாக வருமா வராதா?

காட்டில் பாதியைக் காதால்தான் பார்க்க வேண்டும். மரங்கொத்தி எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்வது அந்த டொக் டொக் சத்தம்தான், கண் அப்புறம்தான் தேடிப் பிடிக்கும். பறவைகளும் துணையைக் கூப்பிடுவது, ஆபத்து என்று குஞ்சுகளை எச்சரிப்பது எல்லாம் குரலில்தானே, அதன் மேல் இவர்கள் பாட்டைக் கொட்டினால் அவை என்ன செய்யும்?

சரி, சத்தம் போகட்டும். உளுத்துப்போன கட்டை ஒன்றின் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் குத்துக்காலிட்டு மரவட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பின் பெரும்பாலான வளையங்களில் நான்கு நான்கு கால்கள், எல்லாம் அலை அலையாக நகர்கின்றன. உதிர்ந்த இலையைத் தின்று மண்ணாக்குகிற உயிர் அது. "சீ, அழுக்கு, எழுந்திரு, போட்டோ எடுக்கணும்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஐந்து நிமிடம் விட்டிருக்கக் கூடாதா?