அந்த ஃப்ளாப்பி பெட்டியில இருந்தது குப்பை இல்ல

மூணு நாளா எழுத வேணாம் எழுத வேணாம்னுதான் இருந்தேன். குரூப்ல நடந்தது பார்த்தவங்களுக்குத் தெரியும். எந்தச் சங்கம், யாரு என்னன்னு நான் சொல்லல, சொல்லவும் மாட்டேன். சங்கத்து ஸ்டோர் ரூம் காலி பண்ணும்போது நான் கம்ப்யூட்டர்ல வரைஞ்ச படங்கள் இருந்த என்னோட பழைய ஃப்ளாப்பி பெட்டி கிடைச்சிருக்கு, அதுல ஒண்ணே ஒண்ணைப் போட்டு ஒரே ஒரு ஃபைலைத் திறந்து பார்த்துட்டு "எல்லாம் கரப்ட் அங்கிள், டைனோசர் காலத்து ஃபார்மேட், குப்பைதான்"னு சிரிப்பு எமோஜியோட மெசேஜ். நான் எம்ஆர்டி ரயில்ல இருந்து இறங்கி அதைப் படிக்கிறதுக்குள்ள பெட்டி குப்பைக்குப் போயாச்சு. அதுக்கு 17 பேர் கட்டைவிரல் வேற. நல்லா இருங்க.

பழைய ஃபார்மேட்னா குப்பைன்னு அர்த்தம் இல்ல. தெரியலன்னா ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம், அவ்வளவுதான் நான் சொல்ல வர்றது.

அந்த டைனோசருக்குப் பேரு டபிள்யூஎம்எஃப், விண்டோஸ் மெட்டாஃபைல். உங்க லேப்டாப்ல இருக்கிற வேர்டு இன்னைக்கும் அதைத் திறக்கும், முயற்சி பண்ணிப் பாருங்க. அதுல பெரும்பாலும் புள்ளி புள்ளியா படம் இருக்காது, படம் போடுற செய்முறைதான் இருக்கும். இங்க பேனாவை வை, இங்கேர்ந்து அங்க கோடு இழு, உள்ள கறுப்பு அடின்னு வரிசையா கட்டளை, பக்கத்துல உக்காந்து கோலம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி. அதனாலதான் ஒரு குத்துவிளக்கு 6 கேபியில அடங்குச்சு, சங்கம் போடுற ஒரு மலர் புத்தகத்துக்கு வேண்டிய மொத்தப் படமும் ஒரே 1.44 எம்பி ஃப்ளாப்பியில போச்சு. ஒரு குறை, படம் எத்தனை அகலம் எத்தனை உயரம்னு அதுல எழுதியிருக்காது. பக்கம் லேஅவுட் பண்ற பேஜ்மேக்கர் சாஃப்ட்வேரைச் செஞ்ச ஆல்டஸ் கம்பெனிக்காரங்கதான் ஃபைலுக்கு முன்னாடி 22 பைட் தகவலை ஒட்டி அந்தக் குறையைத் தீர்த்தாங்க. 1994ல அடோபி ஆல்டஸை வாங்கிடுச்சு, பேஜ்மேக்கரும் 2001ல வந்த 7ஓட நின்னு போச்சு. அந்தப் 22 பைட்டை மட்டும் இந்த ஃபார்மேட்டைத் திறக்கிற சாஃப்ட்வேருங்க இன்னும் படிக்குது.

சரி, ஏன் இவ்வளவு கொதிக்கிறேன்னு கேப்பீங்க.

1995ல நான் சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு சின்ன அச்சகத்துல லேஅவுட் பண்ணிட்டு இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், சங்க மலர். அப்ப சிம் லிம் கம்ப்யூட்டர் கடையில வாங்குற கிளிப் ஆர்ட் சிடியில, அதாவது ரெடிமேட் படச் சிடியில, ஆயிரக்கணக்குல படம் இருக்கும், வான்கோழி இருக்கும், பேஸ்பால் இருக்கும், டை கட்டிக்கிட்டுக் கைகுலுக்குற ரெண்டு பேர் இருப்பாங்க, கூரை மேல பனி விழுந்த வீடு இருக்கும். சிங்கப்பூர்ல எங்கய்யா பனி? குத்துவிளக்கு கிடையாது, பொங்கப் பானை கிடையாது, நாதஸ்வரம் கிடையாது. தீபாவளி மலர்ல கிறிஸ்மஸ் மெழுகுவத்தியைப் போட்டு ஒப்பேத்தினவங்க எத்தனை பேர்னு எனக்குத் தெரியும், போட்டவன்ல நானும் ஒருத்தன். அந்த வெக்கத்துலதான் வேலை முடிஞ்சு ராத்திரி ராத்திரி கோரல்டிராங்கிற படம் வரையிற சாஃப்ட்வேர்ல மவுசைப் பிடிச்சு நானே வரைய ஆரம்பிச்சேன், ரெண்டு வருஷம், ஒரு காசு வாங்கல, கேட்ட சங்கத்துக்கெல்லாம் காப்பி போட்டுக் குடுத்தேன்.

மயில் சரியா வரலங்கிறது எனக்கே தெரியும். டபிள்யூஎம்எஃப்ல வட்டம், வட்டத் துண்டு மாதிரி சிலதைத் தவிர இஷ்டத்துக்கு வளையிற கோட்டுக்குக் கட்டளை கிடையாது, அந்த வளைவையெல்லாம் சின்னச் சின்ன நேர்கோடா உடைச்சிடும், பெருசாக்குனா தோகை ரம்பம் மாதிரி தெரியும். ஒத்துக்கிறேன்.

ஆனா கரப்ட்னு சொன்னீங்கல்ல, அது கரப்ட் இல்ல தம்பி. "பொங்கல் வாழ்த்துகள்"னு எழுதின ஃபைலு அது. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி நம்பர் குடுக்கிற யூனிகோடு நம்ம கைக்கு வராத காலம், தமிழ் ஃபான்ட்ல ஆங்கில எழுத்து இருக்கிற இடத்துலயே தமிழ் எழுத்தை உக்கார வச்சிருப்போம். படத்துக்குள்ள எழுத்து நம்பரும் ஃபான்ட் பேரும்தான் இருக்கும், அந்த ஃபான்ட் மெஷின்ல இல்லன்னா ஆங்கில எழுத்தும் கமாவுமா கண்டபடி தெரியும். ஆளுக்கொரு ஃபான்ட், ஆளுக்கொரு முறைன்னு கிடந்த கூத்தைப் பேசத்தான் 1997ல இதே ஊர்ல தமிழ்நெட் மாநாடே நடந்துச்சு. ஃபான்ட்டும் அதே பெட்டியில மூணாவது ஃப்ளாப்பியில இருந்துச்சுப்பா. மூணாவது.

வைரஸ் வருமாம். ஒருத்தர் கூகுள் பண்ணி லிங்க் போட்டிருக்கார். பிரிண்டை கேன்சல் பண்ணா இதை ஓட்டுன்னு அந்த ஃபார்மேட்ல ஒரு கட்டளை உண்டு, அதை வச்சு 2005 கடைசியில திருட்டுப் பசங்க விளையாடினாங்க, உண்மை. 2006 ஜனவரியிலயே மைக்ரோசாஃப்ட் அதை அடைச்சாச்சு. என் ஃபைலெல்லாம் அதுக்குப் பத்து வருஷம் முந்தினது.

இந்தப் படமெல்லாம் ஏஐல ரெண்டு நிமிஷத்துல வந்துடுமாம். வந்துச்சே, பார்த்தேனே! புது மலரோட அட்டையில இருக்கிற குத்துவிளக்கோட முகத்தை யாராவது எண்ணினீங்களா? ஏழு. உச்சியில அன்னம் இருக்க வேண்டிய இடத்துல வாத்து. ரொம்ப அழகு, வாழ்த்துகள்.

"அப்படி முக்கியம்னா நீங்க ஏன் ஒரு காப்பி வச்சுக்கல?" இதை ஒரு அக்கா கேட்டாங்க, மரியாதையாத்தான் கேட்டாங்க. வச்சிருந்தேன்க்கா. ஹார்ட் டிஸ்க் 2003ல செத்துப்போச்சு. சங்கத்துல ஒண்ணு பத்திரமா இருக்கேன்னு விட்டுட்டேன். என் தப்புதான், போதுமா?

அந்த 6 கேபி விளக்கு எங்கம்மா விளக்கு. டேபிள் மேல வச்சுப் பார்த்துப் பார்த்து வரைஞ்சேன். சின்ன வயசுல நான் கீழ போட்டதுல ஒரு முகம் லேசா வளைஞ்சிருக்கும், அதையும் அப்படியே வரைஞ்சேன், அம்மா பார்த்துட்டு "இதையுமாடா போடணும்"னு சிரிச்சாங்க. அம்மா போய் 11 வருஷம் ஆச்சு. விளக்கு வீடு மாறுனப்ப எங்க போச்சுன்னே தெரியல, அண்ணன் வீட்டுலயும் இல்ல.

யாரையும் மன்னிப்பு கேக்கச் சொல்லல. 96, 97ல தேக்காவுல என்கிட்ட படம் காப்பி வாங்கிட்டுப் போனவங்க யாராவது இதைப் படிச்சா, வீட்டு அலமாரியில ஒரு தடவை பாருங்க. நீல ஃப்ளாப்பி, வெள்ளை லேபிள், பச்சைப் பேனாவுல "விளக்கு 2"ன்னு எழுதியிருப்பேன். திறக்க முயற்சி பண்ணாதீங்க, அப்படியே இன்பாக்ஸ்ல ஒரு வார்த்தை சொல்லுங்க, பொங்கோல்னாலும் பூன் லேனாலும், ஊரோட எந்த மூலைன்னாலும் நானே வந்து வாங்கிக்கிறேன்.