நீலகிரியின் புல்வெளியில் மரம் நடாதீர்கள்

உதகைக்கு வந்து திரும்பும் நண்பர்கள் பகிரும் படங்களில் பெரும்பாலானவை பைன் காட்டுக்குள்ளோ சாலையோரக் கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களுக்கு நடுவிலோ எடுக்கப்பட்டவையாக இருக்கின்றன. அவற்றையே இந்த மலையின் இயற்கை என்று அவர்கள் நம்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டும் தூரம்வரை அவைதான் நிற்கின்றன. ஆனால் அவற்றில் எதுவும் இந்த மலைக்கு உரிய மரம் அல்ல. கற்பூர மரமும், இங்குள்ளவர்கள் சீகை என்று சொல்லும் வாட்டில் மரமும் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. புதிதாக எழுந்த ஊர்களுக்கும் முகாம்களுக்கும் விறகு வேண்டியிருந்தது என்பதே அதற்கு முதன்மையான காரணம். அதற்கு முன்பு இந்த மேட்டுநிலத்தின் பெரும்பகுதியை மூடியிருந்தது புல்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புல்வெளியைக் கண்டால், காடு அழிந்த இடம் என்றோ காடு வளர்க்க வேண்டிய இடம் என்றோதான் நமக்குத் தோன்றுகிறது. ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேலே உள்ள நீலகிரியில் அந்த எண்ணம் தவறானது. இங்கே மலை மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் குட்டையான, அடர்ந்த சோலைகள் இருக்கும். சரிவுகளையும் முகடுகளையும் புல் மூடியிருக்கும். இரண்டும் சேர்ந்ததுதான் இந்த நிலத்தின் முழு வடிவம். பனிக்கால இரவுகளில் திறந்த வெளியில் உறைபனி இறங்கும்போது சோலை மரங்களின் இளங்கன்றுகள் கருகிவிடுகின்றன. சோலையின் நிழலுக்குள் அவை பிழைக்கின்றன. தீயும் மேய்ச்சலும் இந்த எல்லையில் தம் பங்கை ஆற்றியிருக்கின்றன என்றாலும், புல்வெளியே மனிதர் காட்டை அழித்ததால் உண்டானது என்ற பழைய கருத்துக்கு இன்று இடமில்லை. ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரியின் சதுப்புகளில் படிந்த கரிம மண்ணை ஆராய்ந்து 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட முடிவுகள், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் செழித்திருந்ததைக் காட்டின. உலகம் உறைந்து வறண்டிருந்த காலத்தில் புல் பரவியது, ஈரம் கூடிய காலத்தில் சோலை விரிந்தது. மனிதர் இங்கே கோடரி எடுப்பதற்கு நெடுங்காலம் முன்பே இந்தப் புல் இருந்தது என்பதுதான் அதன் பொருள்.

இந்தப் புல்வெளியை வெற்றுநிலமாகக் கருதியது ஆங்கிலேயர் ஆட்சி மட்டுமல்ல என்பதையும் நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடுவதற்குச் சீகைப் பட்டையும், ரேயான் ஆலைகளுக்குக் கற்பூர மரக்கூழும் தேவைப்பட்டபோது, அதே சரிவுகளில் இன்னும் பெரிய அளவில் தோட்டங்கள் போடப்பட்டன. தேயிலையும் உருளைக்கிழங்கும் அணைகளும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டன. கொடைக்கானல் இருக்கும் பழனிமலைத் தொடரிலும் இதே கதைதான் நடந்தது. அங்கே 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதில் சமவெளி மக்களை நேரடியாகத் தொடும் செய்தி தண்ணீர். பைக்காரா ஆறு மோயாறாகி பவானியில் கலக்கிறது, குந்தா ஆற்றின் நீரும் பவானிக்கே போகிறது, அந்தப் பவானிதான் ஈரோட்டு மாவட்டத்து வயல்களுக்கும் பல ஊர்களின் குடிநீர்க் குழாய்களுக்கும் ஆதாரம். மேலே உள்ள புல்லும் அதன் இடையிலுள்ள சதுப்புகளும் பருவமழையை உறிஞ்சி வைத்துக் கோடையில் கசியவிடுகின்றன. கிளென்மார்கன் பகுதியில் இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புகளை அருகருகே வைத்து, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றில் ஏறத்தாழ 59 விழுக்காட்டில் கற்பூர மரம் நட்டு, உதகையிலுள்ள மண்வள ஆராய்ச்சி நிலையத்தினர் ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்தார்கள். மரம் நட்ட நீர்ப்பிடிப்பில் முதல் பத்தாண்டுகளின் நீர்வரத்து சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. மரம் நட்டால் மழை வரும், நீர் பெருகும் என்று பள்ளிக் காலத்திலிருந்து கேட்டு வளர்ந்த நமக்கு இந்த முடிவை ஏற்பது எளிதல்ல. ஆனால் ஒரு நிலத்துக்குப் பொருந்தும் அறிவுரை இன்னொரு நிலத்துக்குக் கேடாகலாம் என்பதற்கு, நம் காலடியிலேயே அளந்து பெறப்பட்ட சான்று இது.

இன்று பெருமளவில் எஞ்சியிருக்கும் புல்வெளியைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரியின் மேற்கு விளிம்பிலுள்ள முக்கூர்த்தி தேசியப் பூங்காவைத்தான் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 78 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இது 1990இல் தேசியப் பூங்காவானது; 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. நம் மாநில விலங்கான வரையாடு புல்லை மேய்ந்து, ஆபத்து நேர்ந்தால் செங்குத்துப் பாறைகளுக்குத் தாவி ஒதுங்கும் உயிர். திறந்த புல்லும் பாறையும் அருகருகே இருந்தால்தான் அதற்கு வாழ்வு. 2025 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,303 வரையாடுகள் இருப்பதாகத் தெரியவந்தது. முந்தைய ஆண்டின் 1,031ஐவிட இது கூடுதல் என்பது எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆயினும் சீகை ஏறிய சரிவுக்கு வரையாடு திரும்புவதில்லை. மரத்தைத் தவிர்த்துப் புல்லிலேயே கூடு வைக்கும் நீலகிரி நெட்டைக்காலிப் பறவைக்கும் அதே நிலைதான்.

தோடர்களைப் பற்றிப் பேசாமல் இந்தப் புல்லைப் பற்றிப் பேச முடியாது. அவர்களுடைய மந்துகள் என்னும் குடியிருப்புகளும், எருமைகளும், பால்மனைக் கோயில்களும் புல்வெளியை நம்பியே அமைந்தவை. கோயில் கூரைக்கு அவர்கள் வேய்வது சதுப்பில் மட்டும் வளரும் தனிவகைப் புல். சதுப்பு வறண்டால் அந்தப் புல் இல்லை, அந்தப் புல் இல்லாமல் அந்தக் கூரையும் இல்லை. இறந்தவர்களும் அவர்களின் எருமைகளும் முக்கூர்த்திச் சிகரத்திலிருந்துதான் மறுவுலகம் செல்கிறார்கள் என்பது அவர்களின் நம்பிக்கை. எந்தப் புல் எங்கே வளரும், எந்த ஓடை எந்த மாதம் வற்றும் என்பதைத் தலைமுறைகளாக அறிந்தவர்களைக் காப்புத் திட்டங்களில் வெறும் கூலியாட்களாக வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. திட்டம் வகுக்கும் மேசையிலேயே அவர்கள் அமர வேண்டும்.

தமிழக அரசு 2022இல் அயல்தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் இயந்திரத்தை இறக்கி ஒரே மூச்சில் சீகையை வெட்டிச் சாய்ப்பது மீட்பாகாது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெயில் பட்டாலோ தீ பட்டாலோ ஆயிரக்கணக்கில் முளைத்துவரும். எனவே வெட்டிய இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வந்து நாற்றுகளைப் பிடுங்க ஆளும் பணமும் வேண்டும். பழைய சீகைத் தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே எழுந்து வருகின்றன; அத்தகைய இடங்களைத் தொடாமல் விடுவதே நல்லது. புல்வெளிக்குள் இப்போதுதான் நுழையத் தொடங்கியிருக்கும் சீகை ஓரங்களை முதலில் அகற்ற வேண்டும் என்பது என் கருத்து. செலவும் அங்கேதான் குறைவு, பயனும் அங்கேதான் உடனடியாகக் கிடைக்கும்.

ஒவ்வோர் ஆண்டும் பருவமழை தொடங்கும்போது மரக்கன்றுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நல்லெண்ணத்தோடு மலையேறும் கல்லூரிகளுக்கும் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தக் கன்றுகளை உங்கள் ஊர்ச் சாலையோரத்திலும் ஏரிக்கரையிலும் நடுங்கள். மலைக்கு வருவதானால் சீகை நாற்று பிடுங்கவும், புல் விதை சேகரிக்கவும், நாட்டுப் புல்லுக்கு நாற்றங்கால் போடவும் வனத்துறையின் அனுமதியோடு வாருங்கள். ஒரு சரிவில் புல் மீண்டும் வேர்பிடிக்கச் சில ஆண்டுகளாகும், திறப்பு விழாப் படத்துக்கு அதில் காட்ட எதுவும் இருக்காது. ஆனால் பவானிக்கரையில் கிணறு வைத்திருப்பவர்களுக்காக இந்த மலையில் செய்யக்கூடிய வேலை அதுதான்.