ஆர்வம் போச்சுங்க என்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது

கோவையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டல் ஹால்களில் நடக்கும் தொழில் பயிற்சி வகுப்புகளுக்குப் பலரும் ஒரே குறையோடுதான் போகிறார்கள். "தொழில் ஓடுதுங்க, ஆனா முன்ன மாதிரி ஆர்வம் இல்லைங்க." மேடையில் இருப்பவர் உடனே, உங்கள் மனதுக்குப் பிடித்தது எது, அதைத் தேடுங்கள் என்கிறார். திங்கட்கிழமை பட்டறையைத் திறக்கும்போது, குறை சொன்னவர் மனதில் ஓர் உணவகமோ ஆன்லைன் கடையோ ஓட ஆரம்பித்திருக்கும். இருபது வருடம் லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) நின்று கற்ற கையை அப்படியே விட்டுவிட்டு, தெரியாத தொழிலில் போய் நிற்கச் சொல்லும் அறிவுரை அது. அது தப்பு என்பதை அழுத்திச் சொல்லவே இந்தப் பதிவு.

கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ ஜாப் ஒர்க் (மற்றவர் ஆர்டருக்குக் கூலிக்கு உதிரிபாகம் கடைவது) செய்யும் ஒருவரிடம் புது ட்ராயிங் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். எந்தப் பக்கத்தை முதலில் இயந்திரத்தின் சக்கில் பிடிப்பது, எந்த இடத்தில் அளவின் டாலரன்ஸ் தப்பும், வெட்டும் முனையான இன்சர்ட் எத்தனை பீஸுக்குத் தாங்கும் என்று பேசப் பேச முகம் மலர்ந்துவிடும். அதே ஆளுக்கு, பணம் தர வேண்டிய ஒரு பார்ட்டியின் அக்கவுண்ட்ஸிலிருந்து "அடுத்த வாரம் பார்க்கலாங்க" என்று போன் வரட்டும், அன்றைக்கு முழுக்க அவர் இயந்திரத்துப் பக்கமே போகமாட்டார். திருப்பூரில் வாரச் சம்பளம் போடுகிறவர்களுக்குச் சனிக்கிழமை மதியம் என்றாலே வயிற்றைக் கலக்கும். இவர்களுக்கெல்லாம் வேலை சலித்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

எனவே முதல் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒரு பாக்கெட் நோட்டு. அரை மணிக்கு ஒருமுறை என்ன செய்தீர்கள் என்று நாலு வார்த்தை, பக்கத்தில் கூட்டல் குறி அல்லது கழித்தல் குறி. தெம்பு ஏறினால் கூட்டல், இறங்கினால் கழித்தல். அவ்வளவுதான். சாயங்காலம் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதினால் பயன் இல்லை. கடைசியாக நடந்த சண்டை மட்டும்தான் நினைவில் நிற்கும். தீபாவளி போனஸ் வாரத்திலோ ஷிப்மெண்ட் வாரத்திலோ தொடங்காதீர்கள், அது சாதாரண நாளின் படம் ஆகாது. நாலாம் நாள் எழுதுவதை நிறுத்தத் தோன்றும், அதைத் தாண்டிவிட வேண்டும். முடிந்ததும் கழித்தல் குறிகளை மட்டும் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் குவிந்திருக்கும்: விலை பேசுவது, வசூல்.

விலையை எடுத்துக்கொள்வோம். ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும்) லேத், ஒரே ஷிப்ட் என்று ஓர் உதாரணக் கணக்கு. மாதத் தவணை 34,400, வாடகைப் பங்கு 8,000, ஆபரேட்டர் 20,000, கரண்ட் 7,000, இன்சர்ட்டும் ஆயிலும் 10,000, பராமரிப்பு 3,000, முதலாளியின் சம்பளத்தில் இந்த இயந்திரத்தின் பங்கு 15,000. மொத்தம் 97,400 ரூபாய். மாதம் 26 நாள், நாளுக்கு 10 மணி நேரம் என்று 260-ஆல் வகுத்தால் மணிக்கு 375 வருகிறது. 400-க்குக் கொட்டேஷன் போட்டுவிட்டு 25 ரூபாய் லாபம் என்று நினைக்கிறார்கள். செட்டிங், மெட்டீரியலுக்குக் காத்திருப்பது, ஆபரேட்டர் லீவு, ஆர்டர் இல்லாத நாள் எல்லாம் போக உண்மையில் இயந்திரம் இரும்பைச் சீவி சிப் விழுவது 170 மணி நேரம் என்றால் அடக்கமே 573. மாதம் சுமார் 29,400 ரூபாய் கையிலிருந்து போகிறது. பெரும்பாலும் அது முதலாளியின் சம்பளத்தைத்தான் முதலில் தின்கிறது. தனக்கென்று சம்பளம் எழுதாதவருக்கு அது போவதே தெரியாது. ஓடி ஓடி உழைத்தும் கையில் ஒன்றும் நிற்காவிட்டால் யாருக்குத்தான் ஆர்வம் இருக்கும்?

"உழவன் கணக்குப் பார்த்தா உழக்கும் மிஞ்சாது" என்று வளர்ந்த ஊர் நம்முடையது. காட்டு விவசாயத்துக்கு அது பொருந்தியிருக்கலாம், மழையும் மண்டி விலையும் நம் கையில் இல்லை. கொட்டேஷன் நம் கையால் எழுதுவது. அதற்கு இந்தப் பழமொழியைத் துணைக்கு அழைக்கக் கூடாது.

அடுத்தது வசூல். 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் வர வேண்டும். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதக் கூட்டு வட்டி. பலருக்குத் தெரியாத இன்னொன்று: சரக்கில் குறை என்றால் டெலிவரியிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். அறுபதாம் நாள் பணம் கேட்கும்போது "அதுல ரிஜெக்‌ஷன் இருக்குதுங்க" என்பவருக்கு இதுதான் பதில். 2024 ஏப்ரலில் 43பி(எச்) என்ற எண்ணில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதி வேறு இருக்கிறது. கெடு தாண்டினால், வாங்கியவர் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். அதனால் மார்ச் மாதத்தில் இந்த விதியை நினைவுபடுத்தினால் வேலை நடக்கும்.

தாமதப் பணத்துக்கென்று இருக்கும் அரசுத் தளத்தில் புகார் போட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் நியாயமானது. அதனால் அது கடைசி வழியாகவே இருக்கட்டும். அதற்கு முன் செய்ய வேண்டியவை சின்னச் சின்ன வேலைகள். பில்லில் உத்யம் எண் (குறு, சிறு நிறுவனமாக அரசிடம் பதிந்த எண்) அச்சிட்டிருக்க வேண்டும், அந்தப் பதிவு சப்ளைக்கு முன்பே எடுத்ததாக இருக்க வேண்டும். பர்ச்சேஸ் ஆர்டரில் நாள் கணக்கு எழுதி வாங்குங்கள். சரக்கு போன மூன்றாம் நாள் பார்ட்டியின் ஸ்டோர்ஸில் வரவு ஏறிவிட்டதா என்று கேளுங்கள். பாதிப் பில் தேங்குவது அங்கேதான், அக்கவுண்ட்ஸில் அல்ல. முப்பதாம் நாள் ஒரு போன். இதை முதலாளி செய்யவே கூடாது. ஆர்டர் கேட்கும் வாயே பணமும் கேட்டால் இரண்டும் கெடும். மச்சானிடம் ஒப்படைப்பதும் வேண்டாம், அது குடும்பச் சண்டையாகத்தான் முடியும். வாரம் இரண்டு நாள் சம்பளத்துக்கு வந்து கணக்குப் பார்க்கும் பெண் ஒருவர் புதன்கிழமை காலை பட்டியலை வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினால் போதும். பார்ட்டி பணம் தந்தாலும் தராவிட்டாலும், மாதாமாதம் 3பி என்ற ஜிஎஸ்டி கணக்குப் படிவம் போடுகிறவர் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும் என்பதை நினைத்தால் இந்த ஒரு சம்பளம் பெரிதாகத் தெரியாது.

பயிற்சியாளரே வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்லவர் கிடைத்தால் பெரிய துணை. அவர் உங்கள் பட்டறைக்கு வருவார், செருப்பில் ஆயில் ஒட்டுமே என்று பார்க்கமாட்டார், பாக்கிப் பட்டியலையும் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்டையும் கேட்பார். கனவைப் பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான். அதைக் கேட்காமல் முழு ஆண்டுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள். மூன்று மாதம், மாதாமாதக் கட்டணம், பில் போட்ட பின் பணம் வர ஆகும் நாள் எத்தனையிலிருந்து எத்தனைக்குக் குறைய வேண்டும் என்று எழுதி வைத்துத் தொடங்குங்கள்.

இஞ்சினியரிங் முடித்துவிட்டு வந்த பையனுக்குத் தொழிலில் ஆர்வமில்லை என்று வருத்தப்படும் அப்பாக்களுக்கும் ஒன்று. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால் ஆர்வம் வராது. அங்கே அவன் பார்ப்பது உங்கள் கழித்தல் குறிகளை மட்டும்தான். ஓர் இயந்திரத்தையும் ஒரு பார்ட்டியையும் தனியாகக் கொடுங்கள். விலை சொல்வது, மெட்டீரியல் வாங்குவது, பணம் வாங்குவது எல்லாம் அவனே செய்யட்டும், கணக்கு தனி நோட்டில் இருக்கட்டும். முதல் இரண்டு கொட்டேஷனில் நட்டம் வரும். அப்போது இடையில் புகுந்து பார்ட்டிக்கு நீங்கள் போன் போட்டுவிடக் கூடாது, இந்த ஏற்பாடு அங்கேதான் கெடுகிறது. ஆறு மாதம் கழித்து அப்பாவும் மகனும் உட்கார்ந்து அந்த நோட்டைப் பிரித்துப் பாருங்கள். அதற்கப்புறமும் பெங்களூருக்கே போகிறேன் என்றால் மனசாரப் போய்வரச் சொல்லுங்கள்.