பீட்டில்ஸை மறித்த மெட்ராஸ்காரர்

தீவிர பீட்டில்ஸ் ரசிகர் யாராவது பக்கத்தில் இருந்தால் 'ரிலீஸ் மீ' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். வேப்பங்காயைக் கடித்த மாதிரி முகம் போகும்.

1967 பிப்ரவரியில் பீட்டில்ஸ் பிரிட்டனில் ஒரு சிங்கிள் வெளியிட்டார்கள். ஒரு பக்கம் 'பென்னி லேன்', மறுபக்கம் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்'. எது உசத்தி என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட இசைத்தட்டு அதிகாரபூர்வ பிரிட்டிஷ் சார்ட்டில், அதாவது வாராந்திர விற்பனைப் பட்டியலில், இரண்டாம் இடத்தைத் தாண்டவே இல்லை. மேலே 'ரிலீஸ் மீ' என்ற பாட்டோடு ஆறு வாரம் நகராமல் உட்கார்ந்திருந்தவர் பாடகர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். பிறந்த ஊர்: மெட்ராஸ்.

1936-ல் பிறந்தவர், அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தார். சொந்தப் பெயர் ஆர்னால்ட் ஜார்ஜ் டோர்சி. பத்து வயது வாக்கில் குடும்பம் இங்கிலாந்தின் லெஸ்டருக்குப் போய்விட்டது. பாட ஆரம்பித்துக் கொஞ்சம் பெயர் வரும்போது 1961-ல் காசநோய். மாதக்கணக்கில் எல்லாம் நின்றுபோனது. அப்புறம் பாடகர் டாம் ஜோன்ஸின் மேனேஜர் கோர்டன் மில்ஸ் இவரையும் சேர்த்துக்கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் ஓபரா இசையமைப்பாளர் ஒருவரின் பெயரை அப்படியே தூக்கி இவருக்கு வைத்தார். வாய்க்குள் நுழையாத பெயர், ஆனால் ஒருமுறை கேட்டால் மறக்காது. 1967-ல் லண்டன் பலேடியம் அரங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை டிவி நிகழ்ச்சியில் பாட இருந்தவருக்கு உடம்பு முடியாமல் போக, அந்த இடத்தில் ஏறி 'ரிலீஸ் மீ' பாடினார். மிச்சம்தான் மேலே சொன்னது.

எனக்கு இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டியது பெரம்பூரில் எங்கள் எதிர்வீட்டு ஆன்ட்டி. ஆங்கிலோ இந்தியக் குடும்பம், அங்கிள் ரயில்வே. "நம்ம ஊர்ப் பையன்டா இவன், அந்த பீட்டில்ஸ் பசங்களையே நிக்க வெச்சான்" என்பார். நான் அப்போது பீட்டில்ஸ் பைத்தியம். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆன்ட்டி சரியாகத்தான் சொன்னார் என்று ஒத்துக்கொள்ள எனக்கு முப்பது வருஷம் ஆனது.

பீட்டில்ஸ் தட்டு இரண்டாம் இடத்தில் நின்றதைச் சார்ட் வரலாற்றின் மகா அநியாயம் என்று எழுதுகிறார்கள். இருக்கட்டும், ஒரு விஷயம் பார்ப்போம். 'ரிலீஸ் மீ' ஆறு வாரத்தில் அடங்கிவிடவில்லை. தொடர்ந்து 56 வாரம் சார்ட்டில் இருந்தது. ஒரு வருஷத்துக்கும் மேல்! அந்த ஆண்டு பிரிட்டனில் அதிகம் விற்ற சிங்கிளும் அதுதான். வாரா வாரம் யாரோ கடைக்கு நடந்துபோய், காசைக் கொடுத்து, அந்தத் தட்டை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறார்கள். அவர்களில் யாரும் பின்னால் இசை வரலாறு எழுத உட்காரவில்லை, அவ்வளவுதான். எழுத உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பீட்டில்ஸ் வாங்கிய பையன்கள்.

அறுபதுகள் என்றாலே நீள முடி, குட்டைப் பாவாடை, எலெக்ட்ரிக் கிட்டார் என்று ஒரு படம் நம் மண்டைக்குள் இருக்கிறதல்லவா? பிரிட்டனில் 1965, 1966, 1968 மூன்று ஆண்டுகளிலும் அதிகம் விற்ற ஆல்பம் எது தெரியுமா? 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படப் பாடல்கள். நடுவில் 1967 ஒன்றுதான் பீட்டில்ஸுக்கு. ஞாபகங்கள் எழுதிய அறுபதுகள் வேறு, சமையலறை ரேடியோ பக்கத்தில் இருந்த அறுபதுகள் வேறு. சார்ட் இரண்டாவதைக் குறித்து வைத்தது. அதற்காகவே எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை.

மரியாதை என்றால் கண்மூடித்தனமாக அல்ல. பிரிட்டனின் முதல் சார்ட் 1952 நவம்பரில் வந்தது. நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் பத்திரிகையின் பெர்சி டிக்கின்ஸ் சுமார் இருபது கடைகளுக்குப் போன் போட்டு, "இந்த வாரம் எது நல்லாப் போச்சு?" என்று கேட்டுத் தயாரித்த பட்டியல் அது. அப்புறம் ஆளுக்கொரு பத்திரிகை, ஆளுக்கொரு சார்ட். 1967-லேயே மெலடி மேக்கர் பத்திரிகையின் கணக்கில் அந்த பீட்டில்ஸ் தட்டு முதலிடம் பிடித்துவிட்டது! பிற்பாடு வரலாறு எடுத்துக்கொண்டது ரெக்கார்ட் ரீடெய்லர் பத்திரிகையின் கணக்கை. எல்லோருக்கும் பொதுவான ஒரே சார்ட் 1969-ல்தான் வந்தது. ஆக, அந்த மகா அநியாயமே எந்தப் பேப்பரைப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நிபுணர்களைவிடக் கடை வாசல் வரிசையை நான் நம்புவதற்கு இன்னொரு காரணம் ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான பாட்டுப் போட்டியான யூரோவிஷன், 1974. பிரைட்டனில் நடந்தது. ஸ்வீடனிலிருந்து வந்த ஆபா குழு 'வாட்டர்லூ' பாடி ஜெயித்தார்கள். போட்டி நடந்த நாடான பிரிட்டனின் ஜூரி அவர்களுக்குக் கொடுத்த மதிப்பெண் பூஜ்யம். சில வாரங்களில் அதே பிரிட்டனில் அதே பாட்டு நம்பர் ஒன். ஜூரி முகத்தை யாராவது படம் எடுத்து வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுபக்கமும் உண்டு. 1981-ல் அல்ட்ராவாக்ஸ் குழுவின் 'வியன்னா' பாட்டு நான்கு வாரம் இரண்டாம் இடத்தில் கிடந்தது. முதல் வாரம் மேலே ஜான் லெனன், சரி. அடுத்த மூன்று வாரமும் ஜோ டோல்சே என்பவர் இத்தாலிய உச்சரிப்பைக் கிண்டலடித்துப் பாடிய 'ஷடப் யு ஃபேஸ்'. இதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

அன்றைய சார்ட்டின் கோளாறு வாங்கியவர்களின் ரசனையில் இல்லை என்பது என் கட்சி. அது வாங்கியதை எண்ணியது, கேட்டதை எண்ணவில்லை. தட்டு ஒருமுறை வாங்கினால் ஒன்று. வீட்டில் நூறு தடவை ஓடினாலும் அதே ஒன்று. ஜார்ஜ் மைக்கேல் பாடிய வாம் குழுவின் 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' 1984-ல் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காகப் பல பாடகர்கள் கூடிப் பாடிய பேண்ட் எய்டுக்குப் பின்னால் இரண்டாம் இடத்தில் நின்றுபோனது. 2014-லிருந்து ஸ்ட்ரீமிங்கையும் சார்ட் எண்ண ஆரம்பித்தது. திரும்பத் திரும்பக் கேட்பது கணக்கில் வந்ததும், 36 வருஷம் கழித்து 2021 புத்தாண்டன்று அது நம்பர் ஒன் ஆனது. பாவம், ஜார்ஜ் மைக்கேல் 2016 கிறிஸ்மஸ் அன்றே போய்விட்டார்.

இந்தக் கணக்கு 1967-ல் இருந்திருந்தால்? 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' ஜெயித்திருக்கும் என்று என் பீட்டில்ஸ் நண்பர்கள் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. எதிர்வீட்டில் அந்த இன்னொரு தட்டு ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஓடியது என்று கேட்டு வளர்ந்தவன் நான்.

எங்கல்பர்ட் 2012-ல் தன் 76-வது வயதில் அஜர்பைஜானின் பாக்கு நகரில் பிரிட்டனுக்காக யூரோவிஷன் மேடை ஏறினார். 26 பேரில் 25-வது. இணையம் முழுக்கக் கேலி. நான் அன்றைக்கு ராத்திரி கண்விழித்துப் பார்த்தேன், குரல் அப்படியொன்றும் கெட்டுப்போகவில்லை.

'ரிலீஸ் மீ' தட்டைத் திருப்பிப் போட்டால் 'டென் கிட்டார்ஸ்' என்று ஒரு பாட்டு. பி-சைடு, பிரிட்டனில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் நியூசிலாந்தில், அதுவும் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களிடையே, அது கிட்டத்தட்ட இன்னொரு தேசிய கீதம். நாலு பேர் கூடி ஒருவர் கிட்டாரை எடுத்தால் அந்தப் பாட்டு வராமல் இருக்காது. எங்கள் ஆன்ட்டி தட்டைத் திருப்பிப் போட்டு நான் பார்த்ததே இல்லை.